அசே: தராசில் பிறந்த ஒரு சொல்

மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பாராசிட்டமால் மூலப்பொருளுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். தோற்றம், கரைதிறன், அடையாளம், உலர்த்தும்போது ஏற்படும் இழப்பு என்று வரிசையாக வந்த சோதனைகளுக்கெல்லாம் கடைசியில், 'அசே: 100.4 விழுக்காடு' என்று அச்சாகியிருந்தது. ஒரு பொருளில் அந்தப் பொருளே நூற்றுக்கு நூறுக்கும் மேலாக எப்படி இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மூத்த வேதியியலாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அது டெஸ்ட் இல்லை தம்பி, அசே. டெஸ்ட்டுன்னா உண்டா இல்லையான்னு சொல்லும். அசேன்னா எவ்வளவுன்னு சொல்லும். எவ்வளவுன்னு கேட்டுட்டா, தராசோட கைநடுக்கமும் சேர்ந்துதான் பதில்ல வரும்" என்றார் அவர்.

மாதிரியை எடைபோடும் தராசு, கரைசலை அளக்கும் குடுவை, ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் திட்டப்பொருள், அளவைக் காட்டும் கருவி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பிழை உண்டு; அவை எல்லாம் சேர்ந்து உண்மை மதிப்பை இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டிவிடும். ஆகவேதான் மருந்து நூல்களில் மூலப்பொருளுக்கான வரம்பு பெரும்பாலும் நூற்றுக்குக் கீழே தொடங்கி நூற்றுக்கு மேலே முடிகிறது. பாராசிட்டமால் மாத்திரைக்கு அந்த வரம்பு 95 முதல் 105 விழுக்காடு வரை. அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் மாத்திரையில் 475க்கும் 525க்கும் இடையில் எவ்வளவு இருந்தாலும் அது தேறிவிடும். இதை ஒரு வாரத்தில் புரிந்துகொண்டேன். ஆனால் அந்தச் சொல் மட்டும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆய்வகத்தில் நாள்தோறும் நூறு முறை 'அசே முடிஞ்சுதா?' என்று கேட்டுக்கொள்வோம். அது என்ன சொல், எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை.

அண்மையில் புதிதாகச் சேரும் பட்டயப்படிப்பு மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதித்தரும் வேலை எனக்கு வந்தது. 'டெஸ்ட்' என்பதற்குச் சோதனை என்றும், 'அனாலிசிஸ்' என்பதற்குப் பகுப்பாய்வு என்றும் எழுதிவிட்டேன். 'அசே' வந்தபோது பேனா நின்றது. மதிப்பீடு என்று எழுதலாம். ஆனால் மதிப்பீடு என்றதும் விடைத்தாள் திருத்துவதும் வீட்டுமனைக்கு விலை வைப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சொல்லின் வேரைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று அகராதிகளுக்குள் இறங்கியவன், அந்தக் குறிப்பை மறந்துவிட்டுப் பல நாட்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

'அசே' ஆங்கிலத்துக்குள் வந்தது நார்மானியர்கள் இங்கிலாந்தில் பேசிய பிரெஞ்சு வழியாக. பழைய பிரெஞ்சில் அதன் மறுவடிவம் 'எஸ்ஸை'. முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்பது பொருள். அதற்கும் முன்னால் போனால் பிற்கால இலத்தீனில் 'எக்ஸாஜியும்' என்ற சொல் கிடைக்கிறது. அதற்குப் பொருள் எடைபார்த்தல், எடைக்கல் என்பதுதான். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் மன்னர் பரவலாக்கிய 'சோலிடஸ்' என்ற தங்கக் காசு, ஒரு ரோமானிய பவுண்டுத் தங்கத்துக்கு 72 என்ற கணக்கில் அடிக்கப்பட்டது. ஒரு காசு ஏறக்குறைய நாலரை கிராம். தங்கக் காசு என்றால் ஓரத்தைச் சுரண்டுகிறவனும் கூடவே பிறந்துவிடுவான் அல்லவா? ஆகவே காசைச் சரிபார்ப்பதற்கென்றே வெண்கலத்தில் சிறு எடைக்கற்களைச் செய்து, அவற்றின் மேல் 'எக்ஸாஜியும் சோலிடி' என்று பொறித்தார்கள். அவற்றில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எங்கள் ஆய்வகத்துத் தராசைக் காலையில் சரிபார்க்கப் பயன்படுத்தும் திட்ட எடைக்கற்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வெண்கலத் துண்டுகளின் நினைவு வருகிறது. 'அசே' என்ற சொல்லின் பாட்டனார் அவர்தான்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு. தராசுக் கோலின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் முள்ளுக்கு இலத்தீனில் 'எக்ஸாமென்' என்று பெயர். 'எக்ஸாஜியும்' பிறந்த அதே வினையிலிருந்து பிறந்தது. மாணவர்கள் மார்ச் மாதத்தில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு எழுதும் 'எக்ஸாம்' அதிலிருந்து வந்ததுதான். அந்த முள்ளைத் தமிழில் தராசின் நா என்போம். இந்த இடத்தில்தான் எனக்கு முதலில் ஒரு வியப்பு ஏற்பட்டது. ஒன்றை எண்ணிப்பார்த்து மதிப்பிடுவதைச் சொல்லத் தமிழும் தராசிடம்தான் போயிருக்கிறது. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று திருவள்ளுவர் சான்றோரின் நடுவுநிலைமையைச் சொல்கிறார் (118). இன்றும் 'சீர்தூக்கிப் பார்த்து முடிவெடு' என்கிறோம். 'ஆளை எடைபோடுகிறான்' என்கிறோம். இலத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. தராசு புழங்கும் ஊரில் அந்தச் சொல் மனிதரை அளக்கவும் எடுத்துக்கொள்ளப்படும், அவ்வளவுதான்.

அப்படியானால் 'டெஸ்ட்' எங்கிருந்து வந்தது? அந்த மூத்த வேதியியலாளர் இரண்டையும் பிரித்துச் சொன்னது பழக்கத்தால் வந்த பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். சொற்களின் பிறப்பிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. 'டெஸ்ட்' என்பது முதலில் ஒரு மண்பாத்திரம். இலத்தீனில் 'டெஸ்டும்' என்றால் சுட்ட மண்சட்டி. தங்கத்தையும் வெள்ளியையும் நெருப்பில் இட்டுப் பிரித்தெடுக்கும் சிறு கிண்ணத்துக்கு அந்தப் பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர், இரசவாதிகளின் தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கிக்கொண்டு போகும் இடத்தில் இந்தக் கிண்ணத்தையும் ஒன்றாகச் சொல்கிறார். சோதனை என்ற இன்றைய பொருள் அதற்கு ஏற்பட்டது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான். சட்டி ஒரு சொல்லையும் தராசு ஒரு சொல்லையும் கொடுத்திருக்கின்றன. இரண்டும் ஒரே பட்டறையில் அருகருகே இருந்தவை.

அந்தப் பட்டறையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஹால்மார்க் முத்திரையிடும் மையம் ஒன்றுக்குப் போனேன். 2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் நகைக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்ட பிறகு இப்படிப்பட்ட மையங்கள் பெருகிவிட்டன. அவற்றின் முழுப்பெயரில் 'அசேயிங்' என்ற சொல் முதலில் நிற்கிறது. ஆனால் தெருவில் எவரும் அதைச் சொல்வதில்லை. 'ஹால்மார்க் சென்டர்' என்றுதான் ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

நகையை முதலில் எக்ஸ்-கதிர்க் கருவிக்குள் வைக்கிறார்கள். அது சில வினாடிகளில் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் அது மேல்தோலைத்தான் பார்க்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நெருப்புதான் சாட்சி. நகையிலிருந்து கால் கிராமுக்கும் குறைவான ஒரு துணுக்கை வெட்டி எடுத்து நுண்தராசில் வைத்தார்கள். அதனுடன் தங்கத்தின் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு வெள்ளியைச் சேர்த்து, மெல்லிய ஈயத் தகட்டில் பொதிந்து, குறட்டால் அழுத்தி அழுத்தி ஒரு சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினார்கள். உலைக்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பொற்கொல்லரின் மூசை உருகியதைத் தாங்கி நிற்கும். இந்தக் கிண்ணம் உருகியதைக் குடிக்கும். எலும்புச் சாம்பலாலோ மக்னீசியாவாலோ செய்யப்பட்டது அது. ஈயம் உருகி, காற்றுடன் சேர்ந்து ஆக்சைடாகி, செம்பையும் துத்தநாகத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் ஊறிவிடுகிறது. அடியில் தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாக நிற்கின்றன.

வேலை அங்கே முடியவில்லை. அந்த மணியைத் தூரிகையால் துடைத்து, சுத்தியலால் தட்டி, உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தகடாக்கி, ஒரு காகிதச் சுருளைப் போலச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தார்கள். வெள்ளி முழுவதும் கரைந்து போய்விடும். வெள்ளியை அவ்வளவு தாராளமாகச் சேர்ப்பதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது: வெள்ளி குறைவாக இருந்தால் தங்கம் அதை மூடிக் காத்துவிடும், அமிலம் உள்ளே புக முடியாது. அமிலத்திலிருந்து வெளியே வந்த சுருள் பழுப்பாக, தொட்டால் உதிர்ந்துவிடும்போல, காய்ந்த வாழைப்பூ இதழின் துண்டைப் போல இருந்தது. தங்கம் என்று யாரும் நம்பமாட்டார்கள். அதை மறுபடியும் சூடாக்கியபோது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழுப்பு மறைந்து மஞ்சள் ஏறியது.

பிறகு அது தராசுக்குப் போனது. சுத்தத் தங்கத்தின் ஒரு துணுக்கையும் அதே உலையில், அதே நேரத்தில், அதே பாடுகளுக்கெல்லாம் உட்படுத்தியிருந்தார்கள். அதில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கழித்துத்தான் நகையின் எண்ணைச் சொல்வார்கள். எங்கள் ஆய்வகத்துத் திட்டப்பொருளுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஆயிரத்துக்கு 916 பங்கு என்பது 24இல் 22 பங்கு. முதலில் ஒரு எடை, கடைசியில் ஒரு எடை. இடையில் நடந்த நெருப்பும் அமிலமும் அந்த இரண்டு எடைகளுக்கும் செய்த ஏவல்தான். சொல்லின் வேருக்குள் ஏன் நெருப்பில்லாமல் தராசு இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவாயிற்று.

ஹால்மார்க் என்ற பெயரில் உள்ள 'ஹால்' இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மாளிகை. 1300இல் முதலாம் எட்வர்டு காலத்துச் சட்டம், தரம் சரியாக உள்ள வெள்ளிப் பொருள்களுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்றது. 1478 முதல் சம்பளத்துக்கு ஒரு சோதனையாளரை அந்த மாளிகையில் அமர்த்தி, பொருள்களை அங்கேயே கொண்டுவரச் செய்தார்கள். மாளிகையில் இட்ட முத்திரை 'ஹால்மார்க்' ஆயிற்று.

எங்கள் வீட்டில் இதெல்லாம் இல்லாமலே காரியம் நடந்தது. என் தாய்மாமா ஒரு வங்கிக்கு நகை மதிப்பீட்டாளராக இருந்தவர். அவருடைய தோல்பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு உரைகல், இரண்டு அமிலக் குப்பிகள், ஒரு சிறு தராசு, அவ்வளவுதான். அம்மாவின் வளையலைக் கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு இழுப்பு. இரண்டு கோடுகளின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்து, சன்னல் பக்கமாகக் கல்லைச் சாய்த்துப் பார்ப்பார். ஒருமுறை, "அக்கா, உடம்பு நல்லாத்தான் இருக்கு, பத்தவைச்ச இடத்துல மாத்து குறையுது" என்றார். பற்றவைக்கும் பொடியில் வேறு உலோகம் கலந்திருக்கும். அந்த இடத்தில் தேய்த்தால் கோடு வெளுக்கும். அவர் சொன்ன 'மாற்று' என்ற சொல்லைத்தான் நாம் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று புகழ்ச்சிக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராச சோழர் கொடுத்த பொன்னைப் பற்றிச் சொல்லும்போது, 'ஆடவல்லான்' என்ற கல்லால் நிறுத்த எடையையும், 'தண்டவாணி' என்ற தரத்துக்கு எவ்வளவு மாற்றுக் குறைவு என்பதையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். இறைவனுக்குக் கொடுத்ததிலும் தரம் குறைந்ததைக் குறைந்தது என்றே எழுதிவைத்த அந்தக் கணக்கரை எனக்குப் பிடிக்கும். பகுப்பாய்வுச் சான்றிதழ் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு முறைகளையும் குறள் அறிந்திருக்கிறது. 'சுடச்சுடரும் பொன்போல்' என்பது உலை (267). 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்பது உரைகல் (505). கிரேக்கர்களும் உரைகல்லை உவமையாக்கினார்கள். ஆனால் அங்கே கதை வேறு திசையில் போயிற்று. உரைகல்லைக் குறித்த 'பாசனோஸ்' என்ற சொல், சோதனை என்றாகி, பிறகு அடிமைகளை வதைத்து வாக்குமூலம் வாங்குவதற்கும் பெயராகிவிட்டது. கல்லில் உரசியதோடு தமிழ் நிறுத்திக்கொண்டதே என்று ஆறுதலடைந்தேன்.

'அசே' இந்தியாவுக்கு வந்த வழி நாணயச் சாலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலைகளில் 'அசே மாஸ்டர்' என்ற பதவி இருந்தது. உலோகத்தின் தரம் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. கல்கத்தாவில் அந்தப் பதவியில் இருந்த ஹோரேஸ் ஹேமன் வில்சன், 1819இல் சமற்கிருத-ஆங்கில அகராதியை வெளியிட்டவர். காலின் மெக்கன்சி தென்னாட்டில் திரட்டிய சுவடிகளுக்கு 1828இல் விளக்க அட்டவணை கொடுத்தவரும் அவரே. பகலில் வெள்ளியை உரசிவிட்டு இரவில் சொற்களை உரசியிருக்கிறார். 1819இல் அவருக்கு உதவியாளராக இருபது வயதில் வந்து சேர்ந்தவர்தான் ஜேம்ஸ் பிரின்செப். சில காலத்திலேயே காசி நாணயச் சாலைக்கு அசே மாஸ்டராகப் போனார். உலையின் வெப்பத்தைத் துல்லியமாக அளக்க நல்ல வழியில்லாத காலம் அது. பிரின்செப் தங்கத்தையும் வெள்ளியையும், தங்கத்தையும் பிளாட்டினத்தையும் படிப்படியாக வெவ்வேறு விகிதங்களில் கலந்து, வரிசையாக உலோகத் துணுக்குகள் செய்துகொண்டார். உலையில் எந்தத் துணுக்கு வரை உருகுகிறது, எது உருகாமல் நிற்கிறது என்று பார்த்தால் வெப்பம் தெரிந்துவிடும். மாற்றைக் கொண்டு நெருப்பை அளந்த மனிதர் அவர்.

1832இல் வில்சன் இங்கிலாந்துக்குப் போனதும் கல்கத்தாவில் அவர் இடத்துக்குப் பிரின்செப் வந்தார். பழங்காசுகள் நாடெங்கிலுமிருந்து அவரிடம் வந்து குவிந்தன. 1837இல், சாஞ்சி தூபியின் கற்களில் இருந்த குறுங்கல்வெட்டுகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அவை 'தானம்' என்றுதான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்தத் திறப்பிலிருந்து பிராமி எழுத்தும் அசோகர் கல்வெட்டுகளும் படிக்கக் கிடைத்தன. மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் இருக்கும் தமிழ்ப் பிராமியை நாம் படிக்க முடிவதும் அந்தத் திறப்பின் தொடர்ச்சிதான். ஆனால் அந்த மொழி தமிழ் என்று நிறுவப்படுவதற்கு 1924 வரை, கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பிரின்செப் நாற்பது வயதில், 1840இல் இறந்துபோனார். அசே மாஸ்டராக இருந்ததால்தான் அவர் பிராமியைப் படித்தார் என்று சொன்னால் அது மிகை. ஆனால் காசைக் கையில் எடுத்துத் தேய்வையும் எடையையும் பார்க்கும் ஒருவர், அதன்மேல் உள்ள எழுத்தையும் ஒருநாள் உற்றுப் பார்த்துவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்த இன்னொரு உறவும் இருக்கிறது. கட்டுரையைக் குறிக்கும் 'எஸ்ஸே', 'அசே'யின் உடன்பிறப்பு. ஒரே பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்துக்குள் இரண்டு எழுத்துக்கூட்டலில் நுழைந்து, இரண்டு தொழில்களைப் பார்த்துக்கொண்டது. 1580இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் தம் எழுத்துகளுக்கு 'எஸ்ஸை' என்று பெயரிட்டபோது, அவை முடிந்த முடிவுகள் அல்ல, எழுதிப்பார்த்தவை என்ற பொருளைத்தான் மனத்தில் கொண்டிருந்தார். 'எழுதிப்பார்த்தல்' என்று தமிழில் அதை ஒரே சொல்லாகச் சொல்ல முடிகிறது. நடந்துபார், தின்றுபார், கேட்டுப்பார் என்று எந்த வினையோடும் 'பார்' என்பதை ஒட்டினால் போதும், அது ஓர் 'அசே' ஆகிவிடுகிறது. மன்னரின் உணவை நஞ்சு உண்டா என்று முன்னதாக ஒருவர் தின்றுபார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'அசே' என்றே பெயர். நம் 'கட்டுரை'யில் இருக்கும் உரை, பேச்சு; உரைகல்லில் இருக்கும் உரை, தேய்ப்பு. இரண்டும் ஒரே வேர் என்று நான் சொல்ல வரவில்லை. ஓசை ஒன்றாக இருப்பதே போதுமான மகிழ்ச்சி.

மருந்தியலுக்கு இந்தச் சொல் வந்தபோது தராசு இல்லாத இடத்துக்கும் அது போக நேர்ந்தது. இன்சுலின் 1920களின் தொடக்கத்தில் பிரித்தெடுக்கப்பட்டபோது, அந்தச் சாற்றில் எத்தனை மில்லிகிராம் சுத்த இன்சுலின் உள்ளது என்று நிறுத்துப்பார்க்க வழியில்லை. ஆகவே பட்டினி போட்ட இரண்டு கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்க எவ்வளவு சாறு வேண்டுமோ, அதை ஓர் அலகு என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பின்னர் அலகு திருத்தப்பட்டது, திட்டப்பொருள்கள் வந்தன. ஆனால் இன்றும் இன்சுலின் ஊசியின் மேல் இருப்பது மில்லிகிராம் கோடுகள் அல்ல, அலகுக் கோடுகள். அந்த இன்சுலினையே இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிலும் அளந்துகாட்டிய கதிரியக்க நோயெதிர்ப்பு 'அசே'க்காக ரோசலின் யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. 'எலிசா' சோதனையின் கடைசி எழுத்தும் அதே 'அசே'தான். அங்கே பல நேரங்களில் 'உண்டு, இல்லை' என்ற விடையோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. எங்கள் மூத்த வேதியியலாளர் இருந்தால் அதை அசே என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

பயிற்சிக் குறிப்புக்கு முதலில் 'சீர்தூக்கல்' என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா ஆடிட்டுக்கு வர்றவங்க கேட்டா பசங்க திணறுவாங்களே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போது தலைப்பில் 'அசே' என்று தமிழ் எழுத்தில் இருக்கிறது. கீழே, 'பொருளில் உள்ளது எவ்வளவு என்று அளந்து சொல்வது' என்று ஒரு வரி. என்னுடைய படியில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் சீர்தூக்கல் என்று எழுதிவைத்திருக்கிறேன். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் முதல் முடிவைக் கொண்டுவந்து நீட்டினாள். 100.6 விழுக்காடு. "சார், நூறைத் தாண்டிடுச்சு, நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்" என்றாள். தராசின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.